ஒரு கட்டடம், பல கைகள்: கட்டடத் தகவல் மாதிரியும் கூட்டுப் பணியும்

முன்னுரை

விழுப்புரம் மாவட்டத்துப் பனமலையில், ஏரியை நோக்கிய சிறு குன்றின்மேல் தாளகிரீசுவரர் கோயில் நிற்கிறது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் இராசசிம்மன் எடுப்பித்த கற்றளி அது. காஞ்சிக் கைலாசநாதர் கோயிலையும் மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலையும் எடுப்பித்தவனும் அவனே. பனமலைக் கோயிலின் துணைச் சன்னிதி ஒன்றின் சுவரில், குடையின்கீழ் நிற்கும் தேவியின் பல்லவர் கால ஓவியம், சிதைந்த நிலையிலும் காண்போரைக் கட்டி நிறுத்துகிறது.

அவ்வோவியத்தின் முன் நிற்பவர் உள்ளத்தில் ஒரு வினா எழுதல் இயல்பு. கல்லை வெட்டியவர் வேறு. அதைக் குன்றின்மேல் ஏற்றி நிறுத்தியவர் வேறு. சுதை பூசியவர் வேறு. வண்ணம் தீட்டியவர் வேறு. சுவர் எழுமுன் சுதை பூச இயலாது. சுதை பக்குவப்படுமுன் தூரிகை தொட இயலாது. இத்தனை கைகளும், ஒருவர் பணியை மற்றொருவர் கெடுக்காத வண்ணம் எவ்வாறு இணைந்தன?

ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் கடந்தும் கட்டுமானத் துறையின் தலையாய வினா இதுவே. அதற்கு நம் காலம் கண்ட விடைகளுள் ஒன்று கட்டடத் தகவல் மாதிரி என்பதாகும். அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்துப் பொறியாளர்கள் அதனைப் 'பிம்' என வழங்குவர். அம்முறை இன்னதென்பதையும், பலர் கூடிச் செய்யும் பணிக்கு அது துணைநிற்கும் வகையையும், அதன் எல்லைகளையும், அதில் தமிழ் கற்போர்க்குரிய பங்கையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

நால்வர் மரபு

மயமதம், மானசாரம் ஆகிய வடமொழிச் சிற்ப நூல்கள் கட்டடக் கலைஞரை நால்வகையினராகப் பகுக்கின்றன. முழுப் பணிக்கும் பொறுப்பேற்பவர் ஸ்தபதி. நூல் பிடித்து அளவு குறிப்பவர் சூத்திரகிராகி. கல்லையும் மரத்தையும் வெட்டிச் செதுக்குபவர் தட்சகர். செதுக்கியவற்றைப் பொருத்தி எழுப்புபவர் வர்த்தகி. பணிப் பகுப்பும், பொறுப்பு வரையறையும், பொதுவான அளவுமுறையும் அன்றே வகுக்கப்பட்டிருந்தன என்பது இதனால் புலனாகும்.

அம்மரபில் கட்டடத்தின் முழு உருவமும் ஸ்தபதியின் உள்ளத்தில் இருந்தது. ஐயம் நேர்ந்தால் கேட்பதற்கு ஒருவர் இருந்தார். அவரும் பணியிடத்திலேயே இருந்தார். இன்றைய மருத்துவமனையையோ மெட்ரோ நிலையத்தையோ எண்ணிப் பார்ப்போம். கட்டடக் கலைஞர், கட்டமைப்புப் பொறியாளர், மின் பொறியாளர், குழாய்ப் பணி வல்லுநர், குளிர்சாதன வல்லுநர், தீயணைப்பு அமைப்பாளர், மின்தூக்கி நிறுவுவோர், ஒப்பந்தக்காரர், துணை ஒப்பந்தக்காரர் எனப் பலரும் வெவ்வேறு நிறுவனத்தார். பல வேளைகளில் வெவ்வேறு நாட்டார். முழுக் கட்டடத்தையும் ஒருவர் தம் உள்ளத்திலேயே தாங்குதல் இனி இயலாது. அது வேறோரிடத்தில் இருந்தாக வேண்டும்.

வரைபடத்தின் குறை

அவ்விடமாக நெடுங்காலம் இருந்தது தாள் வரைபடம். அதன் பெருமை பெரிது. ஆயினும் அதற்கொரு குறை உண்டு. ஒவ்வொரு துறையினரும் தத்தம் வரைபடத்தைத் தனித்தனியே வரைகின்றனர். ஒரு மாணவர் விடுதியைக் கட்டுவதாகக் கொள்வோம். தளத்தின்கீழே உத்தரம் ஓடுவதைக் கட்டமைப்புப் பொறியாளர் காட்டுகிறார். அதே உயரத்தில் கழிவுநீர்க் குழாய் செல்வதைக் குழாய்ப் பணி வல்லுநர் காட்டுகிறார். தனித்தனியே நோக்கின் இரண்டு வரைபடமும் சரியே. இரண்டும் மோதுவது கான்கிரீட் இறுகிய பின்னரே தெரியவருகிறது. முதலில் கண்டறிபவர் பெரும்பாலும் மேஸ்திரி. அவருக்குத் தெரிந்த வழி, உத்தரத்தைக் குடைந்து குழாயை நுழைப்பது. அங்கே பொருள் வீணாவதோடு கட்டடத்தின் வலிமையும் குறைகிறது.

தகவல் கைமாறும் இடத்தில் நேரும் பிழை உயிரைக் குடிப்பதும் உண்டு. அமெரிக்காவின் கான்சாஸ் நகரில் ஹையட் ரீஜென்சி என்னும் விடுதியின் கூடத்தில், மேலும் கீழுமாக இரு நடைபாலங்கள் இரும்புக் கம்பிகளில் தொங்கவிடப்பட்டிருந்தன. கூரையிலிருந்து இறங்கும் ஒரே நீண்ட கம்பி இரண்டையும் தாங்கவேண்டும் என்பது முதல் வடிவமைப்பு. பணி எளிமை கருதி அக்கம்பி இரண்டாகப் பிரிக்கப்பட்டது. மேற்பாலம் கூரையிலிருந்தும், கீழ்ப்பாலம் மேற்பாலத்திலிருந்தும் தொங்கின. ஒரே கயிற்றைப் பற்றித் தொங்கும் இருவருள் கீழிருப்பவர் கயிற்றை விட்டு மேலிருப்பவரின் காலைப் பற்றிக்கொண்டால் என்ன நேருமோ, அதுவே நேர்ந்தது. மேற்பாலத்தின் இணைப்பில் சுமை இரட்டிப்பாயிற்று. 1981 சூலை 17 அன்று பாலங்கள் சரிந்து 114 பேர் மாண்டனர். முதல் வடிவமைப்பே விதிகள் கோரிய வலிமையைப் பெற்றிருக்கவில்லை என்பது பின்னர் வெளிப்பட்டது. மாற்றத்தைக் காட்டிய வரைபடமோ பலர் கைவழி சென்று ஒப்புதலும் பெற்றிருந்தது. மீண்டும் கணக்கிட்டுப் பார்த்தவர் எவருமில்லர். ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்திருப்பார் என எண்ணினர்.

உயிர்ச்சேதம் இன்றி முடிந்த மற்றொரு நிகழ்வும் ஈண்டு நோக்கத்தக்கது. செருமனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் இடையே லாஃபன்பர்க் என்னுமிடத்தில் ரைன் ஆற்றின்மேல் இரு கரைகளிலிருந்தும் பாலம் கட்டிவந்தனர். ஒரு நாட்டார் உயரத்தை வடகடல் மட்டத்திலிருந்தும், மற்றவர் மத்தியதரைக் கடல் மட்டத்திலிருந்தும் கணக்கிடுவர். இரண்டிற்கும் 27 செ.மீ. வேறுபாடு உண்டென்பது முன்பே தெரிந்திருந்தது. ஆனால் திருத்தத்தைத் தவறான திசையில் செய்ததால் வேறுபாடு 54 செ.மீ. ஆயிற்று. 2003ஆம் ஆண்டில் பிழை வெளிப்பட்டது. இரு தரப்பாரும் கணக்கறிந்தவரே. அவர்களுக்கிடையே பொது மட்டம் இல்லாமையே குறை.

மாதிரி என்பது யாது?

கட்டடத் தகவல் மாதிரி என்பது கணினித் திரையில் தோன்றும் முப்பரிமாணப் படம் எனப் பலரும் கருதுவர். அது முழு உண்மையன்று. ஒரு கதவை எடுத்துக்கொள்வோம். தாள் வரைபடத்தில் அது சில கோடுகளும் ஒரு வில்வளைவும் மட்டுமே. தகவல் மாதிரியில் அது ஒரு பொருள். அதன் அகலம், உயரம், மரமா இரும்பா என்னும் விவரம், தீயை எத்தனை நிமிடம் தாங்கும் என்பது, எந்தச் சுவரில் எந்த அறைக்கு உரியது என்பது, விலை ஆகிய அனைத்தும் அதனோடு பிணைந்திருக்கும். சுவரை நகர்த்தினால் கதவும் உடன் நகரும். கதவுகளின் பட்டியலும் தானே திருந்தும். 'படம்' என்பதினும் 'தகவல்' என்னும் சொல்லே இங்கு உயிர்ச்சொல் எனலாம்.

இக்கருத்தின் வித்து 1970களில் ஊன்றப்பட்டது. அமெரிக்க அறிஞர் சார்லஸ் ஈஸ்ட்மன், கட்டடத்தைக் கோடுகளின் தொகுதியாகக் கொள்ளாமல் பொருள்களின் தொகுதியாகக் கணினியில் விவரிக்கலாம் என்று காட்டினார். 1980களில் அங்கேரி நாட்டில் உருவான ஆர்க்கிகேட் மென்பொருள் அதனை மேசைக் கணினிக்குக் கொணர்ந்தது. 'பிம்' என்னும் பெயர் 2002ஆம் ஆண்டையொட்டிப் பரவலாயிற்று.

கூட்டுப் பணி நிகழும் முறை

அனைவரும் ஒரே கோப்பில் ஒருங்கே வரைவதே இம்முறை என்பது மற்றொரு தவறான எண்ணம். ஒவ்வொரு துறையினரும் தத்தம் மாதிரியைத் தாமே உருவாக்கித் தாமே பொறுப்பேற்கின்றனர். குறித்த கால இடைவெளியில் அம்மாதிரிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி நோக்கப்படுகின்றன. இவ்வாறு இணைத்துப் பார்ப்பதற்கு முதற்கண் வேண்டப்படுவது ஒரே தொடக்கப் புள்ளியும் ஒரே மட்டமுமாகும். லாஃபன்பர்க் கற்பித்த பாடம் அதுவே.

இணைத்தவுடன் கணினி மோதல்களைப் பட்டியலிடுகிறது. அவை மூவகைப்படும். உத்தரத்தைக் குழாய் ஊடுருவுவது நேர் மோதல். இரண்டும் தொடாவிடினும், பழுது பார்ப்பவர் கை நுழைய இடமின்றி நெருங்கி நிற்பது இடைவெளி மோதல். ஒரே நாளில் ஒரே இடத்தில் சாரம் கட்டுவோரும் தளக்கல் பதிப்போரும் வந்து நிற்பது கால மோதல். பட்டியல் தருவது மட்டுமே கணினியின் வேலை. குழாய் விலகுவதா, உத்தரம் உயர்வதா என்பதை மனிதர்களே கூடிப் பேசி முடிவு செய்ய வேண்டும். ஆயினும் அப்பேச்சு, கான்கிரீட் இறுகிய பின் பழி சுமத்தும் பேச்சாக இராது. ஒரு செங்கல்லும் வைக்குமுன் நிகழும் கலந்தாய்வாக இருக்கும். இம்முறையின் பெரும்பயன் இதுவே எனலாம்.

தகவலின் நிலையை வரையறுத்தல் அடுத்த படி. 2018ஆம் ஆண்டில் வெளியான ஐ.எஸ்.ஓ. 19650 என்னும் பன்னாட்டுத் தரவிதி, பொதுத் தகவல் களம் ஒன்றை வகுத்து, அதிலுள்ள தகவலை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறது. ஒருவர் தமக்குள் செய்துகொண்டிருப்பது முதல் நிலை. பிறர் பார்வைக்குப் பகிர்ந்தது இரண்டாம் நிலை. ஒப்புதல் பெற்றுப் பணிக்கு உரியதாக வெளியிடப்பட்டது மூன்றாம் நிலை. எவர் எப்போது எதனை மாற்றினார் என்பதைக் காட்டும் ஆவணக் காப்பு நான்காம் நிலை. அரைகுறை வரைபடத்தை இறுதி வரைபடம் என நம்பிக் கட்டிவிடும் விபரீதத்தை இவ்வேற்பாடு தடுக்க முயல்கிறது. கான்சாஸ் நகரில் 'யார் பார்த்தார்?' என்னும் வினாவுக்கு விடை இல்லாமற் போயிற்று. இங்கு அவ்வினாவுக்கு ஒவ்வொரு படியிலும் ஒரு பெயரும் ஒரு தேதியும் விடையாக நிற்கவேண்டும்.

வெவ்வேறு மென்பொருள்கள் ஒன்றன் கோப்பை மற்றொன்று அறியாவிடின் இவையனைத்தும் வீணே. அதற்கெனப் பொதுவாக அமைந்ததே ஐ.எஃப்.சி. என்னும் திறந்த கோப்பு வடிவம். 1990களின் நடுப்பகுதியில் தொடங்கிய கூட்டு முயற்சியின் விளைவு அது. எந்த ஒரு நிறுவனத்துக்கும் உரிமையாகாத பொது மொழி என அதனைக் கூறலாம்.

நாடுகளின் பட்டறிவு

பிரித்தானிய அரசு, நடுவண் அரசின் கட்டுமானப் பணிகளில் 2016ஆம் ஆண்டு முதல் இம்முறையை வேண்டியது. தமிழர் பெருந்தொகையினராய் உழைக்கும் சிங்கப்பூரில் 2015ஆம் ஆண்டு முதல் 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய கட்டடங்களுக்கு ஒப்புதல் கோருவோர் தகவல் மாதிரியை அளிக்க வேண்டுமென விதிக்கப்பட்டது. இந்தியாவில் நாகபுரி மெட்ரோ ரயில் திட்டம் ஐந்து பரிமாண முறையை மேற்கொண்டது. நீளம், அகலம், உயரம் என்னும் மூன்றோடு காலம் நான்காவது, செலவு ஐந்தாவது. ஒரு தூண் எழும் நாளும் அதற்குரிய தொகையும் அத்தூணின் உருவத்தோடு ஒன்றாகப் பிணைக்கப்பட்டன. அத்திட்டத்தின் முதற்பகுதி 2019 மார்ச்சில் திறக்கப்பட்டது.

செஞ்சிக்கு இதனால் ஆவது என்ன?

புதுக் கட்டடத்துக்கு மட்டுமன்றிப் பழங்கட்டடத்துக்கும் இம்முறை பயன்படும். செஞ்சிக் கோட்டை இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை மதில்களால் இணைத்து நிற்பது. விசயநகர மரபு நாயக்கர், பீசப்பூர்ச் சுல்தான்கள், 1677இல் கைப்பற்றிய சிவாஜி, 1698இல் வென்ற முகலாயர், பின்னர் ஆர்க்காட்டு நவாபுகள், 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர் என ஆட்சிகள் அங்கு மாறின. வேங்கடரமணர் கோயிலும், சாதத்துல்லா கான் பள்ளிவாசலும், கல்யாண மகாலும், களஞ்சியங்களும் ஒரே மதிலுக்குள் அடுத்தடுத்து நிற்கின்றன. பல காலத்துக் கைகள் தம்முள் கலந்து பேசாமலே கட்டிய கூட்டுப் பணி அது.

கல்யாண மகாலின் மேல்நிலைகளுக்குச் சுடுமண் குழாய் வழியே நீர் ஏற்றிய அமைப்பு அறிஞர்களின் வியப்புக்குரியது. அதனை அமைத்தவரின் வரைபடம் நமக்குக் கிடைக்கவில்லை. எஞ்சியுள்ள தடங்களைக் கொண்டே அறிய வேண்டியுள்ளது. புதுச்சேரிக் கடற்கரையில் காந்தியடிகள் சிலையைச் சூழ்ந்து நிற்கும் கல்தூண்கள் செஞ்சியிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவை என்பர். அங்கு அவற்றைக் காண்போர்க்கு, அவை எந்த மண்டபத்தில் எந்த வரிசையில் நின்றன என்பது தெரியாது. பொருள் நிலைத்தது, தகவல் பிரிந்தது.

2025 சூலை 11 அன்று, மராத்தியர் இராணுவ நிலக்காட்சிகள் என்னும் தொகுதியின் 12 கோட்டைகளுள் ஒன்றாகச் செஞ்சி யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் இடம்பெற்றது. அப்பன்னிரண்டில் தமிழ்நாட்டுக் கோட்டை இது ஒன்றே. பெருமையோடு பொறுப்பும் சேர்ந்தே வந்துள்ளது. தொல்லியலாளர், கட்டமைப்புப் பொறியாளர், சுண்ணக் காரை அறிந்த கொத்தனார், நீரியல் வல்லுநர், வரலாற்றாசிரியர் ஆகியோர் ஒரே தகவல் களத்தில் கூடுவரேல், எந்தக் கல் எக்காலத்தது, எந்த விரிசல் எப்போது தோன்றியது, எந்த இடத்தில் யார் எந்தக் காரை பூசினர் என்பவற்றைக் கல்லோடு கல்லாகப் பதிந்து வைக்கலாம்.

இது வெறுங்கனவன்று. பாரிசு நகரின் நோத்ர தாம் பேராலயத்தை ஆண்ட்ரூ தாலன் என்னும் கலை வரலாற்றாசிரியர் 2010இல் லேசர் கருவியால் நுணுகி அளந்து வைத்தார். 2019 ஏப்ரல் 15 அன்று அதன் மரக்கூரை தீக்கிரையாயிற்று. அவர் அதற்கு முந்தைய ஆண்டே மறைந்துவிட்டார். ஆயினும் அவர் விட்டுச்சென்ற அளவுகள் மறுகட்டுமானத்துக்கு உதவின. 2024 டிசம்பரில் ஆலயம் மீண்டும் திறக்கப்பட்டது. தகவலைச் சேர்த்து வைத்தவர், தாம் காணாத பணியாளரோடும் கூட்டுப் பணி செய்கிறார் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

எல்லைகள்

எனினும் கருவியை மிகைப்படப் புகழ்தல் ஆகாது. மாதிரியில் பொய்யான அளவைப் பதிந்தால் பொய்யே வண்ணப்படமாகத் திரும்பிவரும். மென்பொருளின் விலையும் பயிற்சிச் செலவும் சிறு ஒப்பந்தக்காரர்க்குச் சுமையாகும். தவறு நேர்ந்தால் யார் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்திலேயே தெளிவுபடுத்தாவிடில், பகிர வேண்டியவர் தம் தகவலை மறைக்கவே முற்படுவர்.

2014 சூன் 28 அன்று சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டுவந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பலர் பிழைப்புத் தேடி வந்த கட்டுமானத் தொழிலாளர். காரணத்தை ஆராய அரசு ஆணையம் அமைத்தது. ஒரு மென்பொருள் இருந்திருந்தால் அவ்விபத்து நேர்ந்திராது எனக் கூறுதல் பொருந்தாது. மண்ணைச் சோதிப்பதும், கணக்கைச் சரிபார்ப்பதும், குறையைக் கண்டவர் அஞ்சாது எடுத்துரைப்பதும் மனிதர் கடமை. அக்கடமை நிறைவேறியதா என்பதை அனைவரும் காணும்படி செய்வதே தகவல் மாதிரியின் பணி.

தமிழ் கற்போர் கடமை

மாதிரியைத் திரையில் காண்போர் பொறியாளர். அதனைக் கையால் நிறைவேற்றுவோர் கொத்தனாரும், கம்பி கட்டுவோரும், ஆசாரியும், சித்தாளும். திரையின் மொழி ஆங்கிலம். பணியிடத்தின் மொழி தமிழ். இப்போது இந்தியும் வங்காளமும் ஒடியாவும் அங்கே கலந்துள்ளன. இவ்விடைவெளியிலும் ஒரு மோதல் நிகழ்கிறது. அதைக் கணினி பட்டியலிடுவதில்லை.

நம் தொழிலாளரிடம் சொல்வளம் இல்லாமல் இல்லை. ரசமட்டம், தூக்குக்குண்டு, மூலைமட்டம், சாரம், முட்டு, சுதை, காரை, கற்றளி எனப் பழையனவும், சென்ட்ரிங், லிண்டல், சன்ஷேடு எனப் புதியனவும் அவர்கள் நாவில் வாழ்கின்றன. இவற்றுள் பல அகராதி ஏறாதவை. ஊருக்கு ஊர் பொருள் மாறுபவை. ஒரு கட்டடப் பொருளுக்குப் பல மொழிப் பெயர்களையும் இணைத்து வைக்கும் பன்னாட்டுத் தகவல் அகராதி இன்று உண்டு. அதில் தமிழ் இடம்பெற வேண்டுமெனில், முதலில் அச்சொற்களைக் கேட்டு எழுதித் தொகுப்பார் வேண்டும். பனமலை, செஞ்சி வட்டாரத்துக் கொத்தனார், கல் தச்சர் ஆகியோரிடம் சென்று, ஒவ்வொரு சொல்லையும் அதன் பொருள், அளவு, பயன்பாடு ஆகியவற்றோடு குறிப்பேட்டில் பதிவது தமிழ்த்துறை மாணவர்க்கு இயலாத பணியன்று. அது கள ஆய்வுமாகும், தொழிலாளரின் உயிர்க்காப்புமாகும். எச்சரிக்கையைத் தன் மொழியில் படித்தறிபவனே அதன்படி விலகி நிற்பான்.

முடிவுரை

கட்டடத் தகவல் மாதிரி என்பது கணினி வித்தையன்று. ஒருவர் அறிந்ததை மற்றவர் அறியுமாறு, உரிய காலத்தில், பெயரிட்டுப் பொறுப்பேற்று எழுதிவைக்கும் ஒழுக்கம். அவ்வொழுக்கம் தவறிய இடத்தில் பாலம் சரிந்தது. அவ்வொழுக்கத்தை ஒருவர் தனித்தே பேணிய இடத்தில், எரிந்த ஆலயம் எழ வழி பிறந்தது. ஸ்தபதியின் உள்ளத்தில் இருந்த கட்டடம் இன்று பலர் கூடும் தகவல் களத்துக்கு இடம் மாறியிருக்கிறது. அக்களத்தில் பொறியாளரின் கணக்கோடு கொத்தனாரின் சொல்லும் இடம்பெறும் நாளிலேயே கூட்டுப் பணி என்னும் சொல் தன் முழுப்பொருளைப் பெறும்.

பனமலை ஓவியத்தைத் தீட்டியவர் பெயரை நாம் அறியோம். நாளைய கட்டடங்களைப் பற்றி நம் வழித்தோன்றல்கள் அவ்வாறு கூற நேராமல் காப்பது நம் கையில் உள்ளது.